இயக்குநர் பேச்சில் வரும் புத்தகங்களை எல்லாம் படித்துத்தான் ஆக வேண்டுமா?

மூன்றாம்வரிசை

ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக்கை யார் பேட்டி எடுத்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றிப் புத்தகத்தில்தான் வந்து நிற்கிறது. லென்ஸைப் பற்றிக் கேட்டாலும் சரி, பணம் திரட்டுவதைப் பற்றிக் கேட்டாலும் சரி, கடைசியில் "படியுங்கள், படியுங்கள், படியுங்கள்" என்று அந்த ஒரே வார்த்தையைப் பல முறை அடுக்கிவிட்டுத்தான் ஓய்வார். படிக்காதவனுக்கு சினிமா வராது என்பது அவர் கட்சி. அவர் நடத்திய ரோக் ஃபிலிம் ஸ்கூல் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு ஒரு வாசிப்புப் பட்டியலே வைத்திருந்தார். ஜே. ஏ. பேக்கர் என்பவர் வல்லூறுகளைப் பற்றி எழுதிய 'தி பெரெக்ரின்', பழைய ரோமானியக் கவி வெர்ஜில் விவசாயத்தைப் பற்றி எழுதிய 'ஜார்ஜிக்ஸ்', ஹெமிங்வேயின் ஒரு சிறுகதை (பிரான்சிஸ் மக்கோம்பர் என்ற ஆளின் வேட்டைக் கதை), 'எட்டா' என்கிற பழைய ஐஸ்லாந்துப் பாடல்கள், மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியப் படையில் இருந்த பெர்னால் டியாஸின் நினைவுகள், அப்புறம் கென்னடி கொலை பற்றிய வாரன் கமிஷன் அறிக்கை. எல்லாம் ஒரே மூச்சில்.

நான் இரண்டு வருடமாக ஒரு ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இடைவேளைக்குப் பிறகு கதை நகர மாட்டேன் என்கிறது. அதனால் அதை அப்படியே மூடி வைத்துவிட்டு ஆறு மாதம் இந்தப் பட்டியலை மட்டும் படிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். இது சரியா? யாராவது இப்படிச் செய்து பலன் கண்டிருக்கிறீர்களா?

கத்தரி

தம்பி, நேராகவே சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். இரண்டாம் பாதி வரவில்லை, அதைத் தள்ளிப்போட ஒரு கௌரவமான காரணம் வேண்டும், அதற்கு ஒரு பெரிய மனிதர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

அதே ஹெர்சாக் சினிமாவை எப்படிக் கற்றுக்கொண்டார் என்று அவரே சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு கலைக்களஞ்சியத்தில் சினிமா பற்றி இருந்த சில பக்கங்கள் போதுமானதாக இருந்தன. கேமராவை மியூனிக்கில் ஒரு நிறுவனத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். முதல் படங்களுக்கான பணத்தை இரும்பாலையில் இரவு ஷிஃப்டில் வெல்டிங் செய்து சேர்த்தார். வெல்டிங் எந்தப் பட்டியலிலும் இல்லை, பார்த்தீர்களா? அந்த ஸ்கூலிலேயே பூட்டைத் திறப்பதும் படப்பிடிப்பு அனுமதிச் சீட்டைப் போலியாகத் தயாரிப்பதும் பாடம் என்று அறிவித்திருந்தார். அதை யாரும் பின்பற்றுவதில்லை, புத்தகப் பட்டியலை மட்டும் காப்பி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். ஏனென்றால் அதில் ஆபத்து இல்லை.

நான் எடிட்டர். இயக்குநர்களோடு மூடிய அறைக்குள் மாதக்கணக்கில் உட்கார்ந்தவன். ஒருவர் ஒரு தடித்த நாவலை மேஜை மேலேயே வைத்திருந்தார், ஷெட்யூல் தொடங்கிய நாளிலிருந்து படம் வெளியாகும் வரை. பேட்டிக்கு யார் வந்தாலும் அந்த நாவலைப் பற்றித்தான் பேச்சு. உள்ளே செருகியிருந்த அட்டை ஒரு பக்கம்கூட நகரவில்லை, நான் தினமும் பார்ப்பேன்.

சும்மாவந்தவன்

வாரன் கமிஷன் அறிக்கை 888 பக்கம். அது போக சாட்சியங்களும் ஆவணங்களுமாக 26 தொகுதிகள் தனியே இருக்கின்றன. ஆறு மாதம் போதாது என்று நினைக்கிறேன். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

பழையவாசகி

நான் சினிமாக்காரி இல்லை, படிக்கிறவள் மட்டும். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வருகிறது, வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மூன்றாம்வரிசைத் தம்பி மேல். புத்தகத்தை லேகியம் மாதிரி ஆறு மாதம் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் பாதி தேறுமா என்று கேட்கிறீர்கள். இப்படிப் படிக்கிற யாருக்கும் புத்தகம் ஒன்றும் கொடுக்காது. ஒவ்வொரு பக்கத்திலும் 'இதிலிருந்து எனக்கு என்ன காட்சி கிடைக்கும்' என்று துழாவிக்கொண்டே போனால், பாவம், அந்தப் புத்தகம்தான் என்ன செய்யும்.

அடுத்தது கத்தரி மேல். அந்தப் பட்டியலை ஒரு முறை நிதானமாகப் பார்த்தீர்களா? திரைக்கதை எழுதுவது எப்படி என்கிற ரகம் ஒன்றும் அதில் இல்லை. சினிமாக் கோட்பாடு இல்லை. பெயருக்காகச் சொல்கிறவர் ஜாய்ஸ், ப்ரூஸ்ட் என்று அடுக்கியிருப்பார், அதுதான் வழக்கம். இவர் சொல்வது எதை? ஒரு படைவீரனின் நினைவுக் குறிப்பு, விவசாயம் பற்றிய ஒரு நெடுங்கவிதை, ஒரு விசாரணை அறிக்கை, பறவையைப் பின்தொடர்ந்தவனின் நாட்குறிப்பு. ஒரு பொருளை விட்டுக் கண்ணை எடுக்காதவர்களின் எழுத்து இது.

பெர்னால் டியாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழவர் குவாத்தமாலாவில் உட்கார்ந்து, சண்டை முடிந்து பல பத்து வருடம் கழித்து எழுதுகிறார். எழுதக் காரணமே ஆத்திரம். மெக்சிகோ பக்கமே போகாத கோமாரா என்பவர் அந்தப் போரைப் பற்றி ஒரு வரலாறு எழுதி, எல்லாப் பெருமையையும் தளபதி கோர்த்தேஸுக்கே கொடுத்துவிட்டார். பெர்னால் டியாஸின் புத்தகமோ அவர் செத்து வெகு காலம் கழித்து 1632-ல்தான் அச்சானது. அதில் ஒரு இடத்தில் படையோடு கப்பலில் போன பதினாறு குதிரைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். என்ன நிறம், யாருடையது, ஓட்டத்தில் எப்படி, சண்டைக்கு உதவுமா உதவாதா. ஒரு பெண் குதிரை கப்பலிலேயே குட்டி போட்டதைக்கூட விடவில்லை. அத்தனை வருடம் கழித்தும் குதிரையின் நிறம் நினைவிருக்கிற ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து பழகு என்றுதான் அந்த இயக்குநர் சொல்வதாக எனக்குப் படுகிறது.

கத்தரி

அக்கா, அழகாக எழுதுகிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் செய்வது ஒரு வாசகர் செய்வது. புத்தகம் கையில் இருக்கிறது, படமும் கையில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இழுக்கிறீர்கள். பிறகு பார்க்கும்போது எல்லாக் கோடும் நேராகத்தான் தெரியும்.

ஹிட்ச்காக்கோடு பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ 1962-ல் உட்கார்ந்து பேசிய அந்த நீண்ட உரையாடல் புத்தகமாக இருக்கிறது இல்லையா, அதில் ஹிட்ச்காக் என்ன சொல்கிறார்? கதையை ஒரு முறைதான் படிப்பேன், அடிப்படை யோசனை பிடித்தால் எடுத்துக்கொள்வேன், அப்புறம் புத்தகத்தையே மறந்துவிட்டு சினிமாவைப் பார்ப்பேன் என்கிறார். தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' எடுப்பீர்களா என்ற பேச்சு வந்தபோது மாட்டேன் என்றார், அது வேறொருவரின் சாதனை என்று. இது நேர்மை. நம் ஊரிலும் அப்படித்தானே. 'உதிரிப்பூக்கள்' புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நிகழ்ச்சிகளில் எவ்வளவு பொருந்துகிறது? பூமணியின் 'வெக்கை'யில் கண்ணும் காதும் சிதம்பரம் என்கிற பையன். 'அசுரன்' அப்பன் சிவசாமியின் படம். படித்தார்கள், மறந்தார்கள், எடுத்தார்கள். மறப்பதுதான் வேலை.

ஒளிநாடா

கத்தரி அண்ணா, மறப்பதற்கு முதலில் படித்திருக்க வேண்டுமே!

நான் ஒளிப்பதிவு படிக்கிறேன். பட்டியலில் மற்றவை எனக்குத் தெரியாது, ஆனால் அந்த ஹெமிங்வே கதை எங்கள் வகுப்பில் வந்தது. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கதை தொடங்கும்போது எல்லாரும் கூடாரத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி. என்னவோ அவமானம் நடந்திருக்கிறது, என்ன என்று நமக்குச் சொல்லப்படவில்லை. பிறகு கதை பின்னால் போய் சிங்க வேட்டையைச் சொல்கிறது. மக்கோம்பர் பயத்தோடு காரில் இருந்து இறங்குகிறான். சுடப்போகிற அந்த இடத்தில் கதை சட்டென்று சிங்கத்தின் பக்கம் போய்விடுகிறது. சிங்கத்துக்கு அந்தக் கார் என்னவாகத் தெரிகிறது, குண்டு உள்ளே போனதும் எப்படி இருக்கிறது, புல்லுக்குள் படுத்துக்கொண்டு எப்படிக் காத்திருக்கிறது, எல்லாம் சிங்கத்தின் உள்ளிருந்து. அப்புறம் மறுபடி மனிதர்களிடம் வந்துவிடுகிறது. எங்கள் ஆசிரியர் கேட்ட கேள்வி: கேமரா எப்போது சிங்கத்தின் பக்கம் போனது, எந்த வார்த்தையில்? வகுப்பு முழுவதும் அரை மணி நேரம் அந்த ஒரு வார்த்தையைத் தேடினோம். ஆளுக்கு ஒரு இடத்தைக் காட்டினார்கள், சண்டைதான்.

இதை லென்ஸ் கையேடு சொல்லித்தராது. கையேடு எந்த உயரத்தில் கேமராவை வைக்கலாம் என்று சொல்லும். ஏன் இப்போது, ஏன் அவன் பக்கம் இல்லாமல் இதன் பக்கம் என்பதை அது சொல்லாது.

மூன்றாம்வரிசை

நன்றி ஒளிநாடா, இந்த மாதிரி பதிலுக்காகத்தான் எழுதினேன். அக்கா சொன்ன லேகியம் கொஞ்சம் சுட்டது, பரவாயில்லை.

கத்தரி அண்ணா, ஜப்பானிய இயக்குநர் குரோசாவா தன் சுயசரிதைக்குப் பின்னால் சேர்த்த குறிப்புகளில், திரைக்கதை எழுத விரும்புகிறவன் உலகத்தின் பெரிய நாவல்களையும் நாடகங்களையும் படிக்க வேண்டும் என்கிறார். படிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வாராம், தன்னைத் தொட்ட இடத்தை, அந்த நேரத்தில் தோன்றியதை எழுதி வைப்பாராம். திரைக்கதையில் முட்டி நின்றால் அந்த நோட்டைப் புரட்டுவாராம். எனக்கு முட்டி நிற்கிறது, நோட்டு இல்லை. அதுதான் பிரச்சினை.

கத்தரி

குரோசாவா படித்துக்கொண்டே படம் எடுத்தார். படத்தை நிறுத்திவிட்டு ஆறு மாதம் படிக்கவில்லை. இந்த வித்தியாசத்தை எல்லாரும் வசதியாகத் தாண்டிப் போகிறீர்கள்.

சரி, இன்னொன்று. நீங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிற இந்த ஹெர்சாக் புத்தக விஷயத்தில் எவ்வளவு நம்பத் தகுந்தவர் என்று பார்ப்போமா? வளைகுடாப் போருக்குப் பிறகு குவைத்தில் எரிந்த எண்ணெய்க் கிணறுகளைப் பற்றி 1992-ல் 'லெசன்ஸ் ஆஃப் டார்க்னஸ்' எடுத்தார். தொடக்கத்தில் பிரெஞ்சுத் தத்துவஞானி பாஸ்கலின் மேற்கோள் ஒன்று வரும், விண்மீன்களின் பேரண்டம் படைப்பைப் போலவே மகத்தான பேரெழிலோடு சரியும் என்று. பாஸ்கல் அப்படி எழுதவே இல்லை. இவரே எழுதி பாஸ்கல் பெயரைப் போட்டார், பிறகு அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார். அமேசான் ஆற்றில் அகீர் என்ற ஸ்பானியன் போன பயணத்தைப் பற்றிய 'அகீர்' (1972) படம் கார்வஹால் என்ற பாதிரியாரின் நாட்குறிப்பை வைத்து நகர்கிறது. அந்த நாட்குறிப்பும் கட்டுக்கதை. நிஜமான கார்வஹால் போனது ஒரெயானா என்ற வேறொரு ஸ்பானியரோடு, 1541-42ல். அகீர் போனது அதற்குக் கிட்டத்தட்ட இருபது வருடம் கழித்து.

இல்லாத புத்தகத்திலிருந்து மேற்கோள் காட்டுகிற ஆள் கொடுத்த பட்டியலுக்காக ஒரு பையன் ஆறு மாதம் வீணாக்கப் போகிறான். எனக்கு வேறு என்ன சொல்ல இருக்கிறது?

சும்மாவந்தவன்

அடடா. படப்பிடிப்பு அனுமதி மட்டுமில்லை, பாஸ்கலும் போலியா.

பழையவாசகி

கத்தரி, இதை நீங்கள் எனக்கு எதிராக எடுத்து வீசினீர்கள், ஆனால் எனக்குத்தான் உதவுகிறது. பாஸ்கலின் குரலில் ஒரு வரியைப் போலியாக எழுதி, பார்த்தவர்களைப் பாஸ்கல்தான் என்று நம்பவைத்திருக்கிறார். அந்தக் குரல் காதில் இல்லாதவனால் இது முடியுமா? பதினாறாம் நூற்றாண்டுப் பாதிரியார் நாட்குறிப்பில் எப்படி மூச்சு விடுவார் என்று தெரியாமல் அந்தப் படத்தின் பின்னணிக் குரல் வந்திருக்குமா? உங்கள் மேஜை மேல் நாவல் வைத்திருந்தவரிடம் கேட்டுப்பாருங்கள், அவரால் அந்த நாவலாசிரியர் நடையில் ஒரு பத்தி எழுத முடிகிறதா என்று.

இதைவிட முக்கியமான ஒன்று 'தி பெரெக்ரின்' புத்தகத்தில் இருக்கிறது. ஒரு எடிட்டருக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். 1967-ல் வந்தது. அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை நாள்வாரியாகப் போகும் ஒரு குளிர்காலக் குறிப்பு. இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதி, வயல்கள், ஆற்று முகத்துவாரம், சேறு. அந்த மனிதர் தினமும் போகிறார், வல்லூறு வேட்டையாடுவதைப் பார்க்கிறார், திரும்புகிறார். பக்கத்துக்குப் பக்கம் அதே பறவை, அதே பாய்ச்சல். கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஆள் மனிதர்களைக் கண்டால் ஒதுங்கத் தொடங்குகிறார், பறவையைப் போலவே. இதில் மாதமும் தேதியும் இருக்கும், வருடம் மட்டும் இருக்காது. ஏன் தெரியுமா? அது ஒரு குளிர்காலம் இல்லை. பத்து வருடக் குளிர்காலங்களை ஒன்றாகக் காய்ச்சி இறக்கியது.

பத்து வருட ஃபுட்டேஜை ஒரே பருவமாக வெட்டுவதற்கு உங்கள் தொழிலில் என்ன பெயர்?

கத்தரி

எங்கள் தொழிலில் அதற்கு இரண்டு பெயர். கதைப் படம் என்றால் எடிட்டிங். ஆவணப்படம் என்றால் மோசடி.

இதை நான் சும்மா சொல்லவில்லை. வெள்ளத்தைப் பற்றிய ஒரு ஆவணப்படம் வெட்டினேன். நல்ல காட்சிகள் இரண்டு வெவ்வேறு வருடத்து வெள்ளத்தில் இருந்தன. இயக்குநர் கேட்டார், நானும் கோத்தேன், ஒரே இரவு மாதிரி. அபாரமாக வந்தது, நானே ரசித்தேன். அங்கே இருக்கிறவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் ஒரு வயதானவர் எழுந்து, "இந்த ராத்திரியில் என் வீடு நின்றுகொண்டிருந்தது, அது போனது அடுத்த வெள்ளத்தில், நீங்கள் காட்டுகிற பிள்ளை அப்போது பிறக்கவே இல்லை" என்றார். குரல்கூட உயரவில்லை. திருத்தம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். நான் அடுத்த நாள் போய் முழு வரிசையையும் பிரித்துப் போட்டேன். இயக்குநருக்கு என் மேல் வருத்தம், அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

அதனால் பேக்கர் பத்து வருடத்தை ஒன்றாக்கினார் என்று நீங்கள் கொண்டாடும்போது எனக்கு அந்தப் பெரியவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

ஒளிநாடா

அண்ணா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் தட்டச்சு செய்ய முடியவில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம். அங்கே எழுந்து நின்று கேட்க ஒருவர் இருந்தார். வல்லூறு எழுந்து கேட்காது. யாருக்கு நஷ்டம்?

கத்தரி

படிக்கிறவனுக்கு. பேக்கர் பார்த்ததாக எழுதியதைப் பறவை தெரிந்தவர்களில் சிலரே நம்பவில்லை. அவ்வளவு வேட்டை, அவ்வளவு கிட்டத்தில், ஒரே ஆளுக்கா என்று கேட்டார்கள். எனக்கு அந்தப் புத்தகம் தெரியாது என்று அக்கா முடிவு கட்டிவிட்டார், தெரியும். பாதியில் வைத்துவிட்டேன், இந்தக் காரணத்தால்தான்.

பழையவாசகி

முடிவு கட்டியது தப்பு, மன்னிக்கவும். படித்திருக்கிறீர்கள் என்று தெரிந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஆனால் ஒன்று. பத்து வருடம் குளிர்காலங்களை இதற்கே கொடுத்தேன் என்று பேக்கர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ஒளித்து வைக்கவில்லை. நீங்கள் கோத்த வெள்ளத்துக்கு முன்னால் அப்படி ஒரு வரி இருந்ததா? இருந்திருந்தால் அந்தப் பெரியவர் எழுந்திருப்பாரா?

கத்தரி

ஒரு வரி போட்டிருந்தாலும் எழுந்திருப்பார். பிறக்காத பிள்ளையைக் காட்டினால் எந்த வரி காப்பாற்றும்? பேக்கர் பத்து வருடம் என்று சொன்னார், சரி. பின்னால் வருகிற குறிப்பு ஒரே குளிர்காலத்தின் குறிப்பு என்ற தோற்றத்தைத்தானே கொடுக்கிறது? இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசகன் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்குப் பிடிக்கிறது. இது தீராது என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயத்தில் மட்டும் உங்களிடம் தோற்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று ராத்திரி 'எட்டா' பற்றித் தேடினேன், திட்டுவதற்காகத்தான். முக்கியமான கையெழுத்துப் பிரதியில் நடுவில் எட்டு ஏடுகள் தொலைந்துபோயிருக்கின்றன. சிகுர்த் என்ற வீரனின் கதை ஓடிக்கொண்டே இருக்கிறது, பேச்சு நடுவிலேயே அறுந்துவிடுகிறது, அந்தப் பக்கம் போனால் வேறொரு பாட்டின் வால். நடுவில் என்ன நடந்தது என்பதை வேறொரு பழைய உரைநடைக் கதையை வைத்து ஊகிக்கிறார்கள். தலைப்பு மாறுகிற இடத்தில் ஒரு ரீல் காணாமல் போன பிரின்ட் மாதிரி. அந்த வெட்டுக்கு முன்னும் பின்னும் உள்ளதை மொழிபெயர்ப்பில் நாலு தடவை படித்தேன். இரண்டு மணி ஆகிவிட்டது.

சும்மாவந்தவன்

கத்தரி அண்ணன் படிக்கிறார்! யாராவது சாட்சி வையுங்கள்.

கத்தரி

படிக்கவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? வேலையை நிறுத்திவிட்டுப் படிக்காதே என்றேன். ராத்திரி படித்தேன், காலையில் வேலைக்குப் போய்விட்டேன்.

பழையவாசகி

அதுதான் என் கட்சியும். இதைச் சொல்ல நாம் இவ்வளவு சண்டை போட்டிருக்க வேண்டாம். ஆனால் சண்டை போடாமல் இருந்தால் உங்களுக்கு அந்த எட்டு ஏடும் கிடைத்திருக்காது.

தம்பிக்கு இன்னொரு சின்ன எச்சரிக்கை. இயக்குநர் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னால், அவர் கையில் இருந்தது எந்தப் பதிப்பு என்றும் பாருங்கள். 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலுக்கு 21 அத்தியாயம், ஆனால் அமெரிக்கப் பதிப்பில் கடைசி அத்தியாயத்தை வெட்டிவிட்டார்கள். கதையின் நாயகனான பையன் வயது ஏறி, வன்முறையில் சலித்துப்போவது அந்த அத்தியாயத்தில்தான். குப்ரிக்கின் படம் அந்த வெட்டிய பதிப்பு நிற்கிற இடத்தில் நிற்கிறது. நாவலாசிரியர் பர்ஜஸ் கடைசி வரை இதைப் பற்றிப் புலம்பிக்கொண்டே இருந்தார். ஒருவர் 'படித்தேன்' என்று சொன்னால் எதைப் படித்தார் என்பதும் ஒரு கேள்வி.

மூன்றாம்வரிசை

நான்கு நாள் கழித்து வருகிறேன். ஆறு மாதத் திட்டத்தைக் கைவிட்டேன், பயப்பட வேண்டாம்.

ஹெமிங்வே கதையை ஒரே உட்காரலில் முடித்தேன். ஒளிநாடா சொன்ன இடத்தை மூன்று முறை படித்தேன், அந்த வார்த்தை எது என்று எனக்கும் ஒரு முடிவு இருக்கிறது, ஆனால் இங்கே சொன்னால் மறுபடி சண்டை வரும். அதற்கப்புறம் என் ஸ்கிரிப்டைத் திறந்தேன். இடைவேளை முடிந்ததும் வருகிற முதல் காட்சியில் பன்னிரண்டு வருடம் காணாமல் போயிருந்த அப்பா வீட்டுக்குள் வருகிறார். மூன்று பேர் வீட்டில் இருக்கிறார்கள், அம்மா, பெரிய மகள், வேலைக்கு வந்திருக்கிற ஒரு தச்சர். நான் எழுதியிருந்தது 'அப்பா உள்ளே வருகிறார், எல்லாரும் அதிர்ச்சி அடைகிறார்கள்.' இரண்டு வருடமாக இந்த வரியைப் படிக்காமலேயே தாண்டிப் போயிருக்கிறேன். எல்லாரும் என்றால் யார்? அவரைத் தெரியாத ஒரே ஆள் அந்தத் தச்சர்தான், அவருக்கு வாசலில் நிற்பது வெறும் ஒரு ஆள். அவர் பக்கத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். வரவில்லை. மகள் பக்கத்திலிருந்து எழுதினேன், அழுகை அதிகமாகிவிட்டது. மறுபடி தச்சர்.

இரண்டாம் பாதி இன்னும் வரவில்லை. அந்த ஒரு காட்சியே இப்போது ஒன்பது பக்கம் ஆகிவிட்டது, அது வேறு தலைவலி.

கத்தரி

தச்சர் கையில் என்ன வேலை நடந்துகொண்டிருக்கிறது? அதை எழுதியிருக்கிறீர்களா? இழைப்புளி போட்டுக்கொண்டிருக்கிறாரா, அளந்துகொண்டிருக்கிறாரா? அவர் வேலையை நிறுத்துகிற இடம்தான் வெட்டு. ஒன்பது பக்கத்தையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.

சும்மாவந்தவன்

எல்லாரும் வல்லூறு, சிங்கம், குதிரை என்று பேசிவிட்டீர்கள். ஜார்ஜிக்ஸை யாராவது படித்தீர்களா, உண்மையைச் சொல்லுங்கள்.

பழையவாசகி

நான்கு பகுதியில் கடைசிப் பகுதி மட்டும், அதுவும் தேனீக்காக. கூட்டை எங்கே வைக்க வேண்டும், எந்தப் பக்கம் காற்று வரக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போகிறவர் திடீரென்று ஆர்ஃபியஸ் கதைக்குள் இறங்கிவிடுகிறார், எப்படி இறங்கினார் என்றே தெரியாது. முதல் மூன்று பகுதி இன்னும் அப்படியே இருக்கிறது. என் புத்தகத்திலும் அட்டை நகரவில்லை, கத்தரி.